அத்தை மெதுவாகப் பேசிய வாரம்

எங்கள் தெருவில் அத்தையின் குரலை வைத்துத்தான் பொழுது நகரும். பால்வாடி டீச்சரான அத்தை காலையில் வாசலில் நின்று, "வர்றீங்களா, நான் வரட்டுமா?" என்று ஒரு சத்தம் போட்டால் சவுக்குத் தோப்பு வரைக்கும் கேட்கும். நாங்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஓடிப்போய்ச் சுவரோரம் கை கட்டி உட்கார்ந்துவிடுவோம். அடிக்க மாட்டார். அந்தக் குரல் இருக்கும்போது அடி எதற்கு? அவர் அப்பாவின் அக்கா என்பதால் எனக்கு மட்டும் தனிச் சலுகை உண்டு. வீட்டுக்குப் போன பிறகும் திட்டு வாங்கலாம்.

அந்த வருஷம் பால்வாடிக்கு ஒரு கண்டம் வந்தது. புதுப்பட்டினத்து நர்சரி பள்ளி ஒன்றின் வேன் எங்கள் தெருமுனைக்கு வர ஆரம்பித்திருந்தது. கொஞ்சம் வசதி வந்த வீடுகள் பிள்ளைகளுக்கு டை கட்டி அதில் ஏற்றிவிட்டன. இப்படியே பிள்ளைகள் குறைந்தால், ஈசிஆர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பால்வாடியோடு எங்களுடையதைச் சேர்த்துவிடுவார்கள் என்று பேச்சு. அம்மாவும் தெருப் பெண்களும் விடிந்ததும் ரிசார்ட்டுகளுக்குப் பாத்திரம் கழுவவும் அறை பெருக்கவும் போகிறவர்கள். கார்கள் பறக்கிற அந்த ரோட்டை மூன்று வயசுப் பிள்ளை எப்படித் தாண்டும்? பால்வாடி போனால் தானும் வேலையை விட வேண்டியதுதான் என்று அம்மா சொன்னபோது, அடுப்பு எப்படி எரியும் என்று அப்பா கேட்கவில்லை. எழுந்து வெளியே போனார்.

அப்போதுதான் மேலிடத்திலிருந்து ஓர் ஏற்பாடு வந்தது. வேன் அனுப்புகிற அதே நர்சரியும் எங்கள் பால்வாடியும் கூட்டுச் சேர வேண்டும். அத்தை அங்கே போய் ஒரு வாரம் பார்த்துப் பழக வேண்டும். பிறகு அவர்களுடைய மிஸ் இங்கே வந்து பார்ப்பார். திருப்தியாக இருந்தால் விளையாட்டுச் சாமான்கள் வரும், மிஸ்ஸும் அவ்வப்போது வந்து சொல்லித்தருவார், பால்வாடி இருந்த இடத்திலேயே இருக்கும். தெருவில் இதற்குச் சம்பந்தம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அத்தையின் வீட்டுக்காரரான மாமா, "நம்மளுது மாப்ள வூடா, பொண்ணு வூடா?" என்று கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அத்தை ஒரு வாரம் பஸ் ஏறிப் போய்வந்தார். அடுத்த திங்கட்கிழமை பால்வாடியைத் திறந்தவர் வேறு யாரோ. சத்தமே இல்லை. சிலேட்டில் கிறுக்கிக்கொண்டிருந்த எங்கள் முன்னால் முட்டி போட்டு, முகத்துக்கு நேராக முகத்தை வைத்து, "இன்னா வரஞ்சிருக்க, சொல்லு கண்ணு" என்றார். கண்ணாம்! கேட்டுவிட்டுக் காத்துக்கொண்டு வேறு இருந்தார். என் பக்கத்துப் பொடியன் உதட்டைப் பிதுக்கி அழ ஆரம்பித்தான். அவனைப் பார்த்து எல்லோரும் அழுதோம். அத்தை சத்தம் போட்டால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். சத்தம் போடாத அத்தைக்கு என்ன ஆகிவிட்டதோ என்பதுதான் எங்கள் பயம்.

வீட்டிலும் இதே கதை. நேரம் கழித்து வந்த மாமாவிடம், "பசிக்கலியா?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். மாமா ஆடிப்போய்விட்டார். "அங்க எத்தையோ பாத்துப் பயந்துகினு வந்துகீறா" என்று அம்மாவிடம் வந்து புலம்பினார். தர்காவுக்குப் போய் மந்திரித்த கயிறு வாங்கிவந்து அத்தையின் கையில் கட்டினார். அத்தை மறுபேச்சில்லாமல் கையை நீட்டியதுதான் எல்லோரையும் இன்னும் கலக்கியது. ஒரு மத்தியானம் கொல்லைப்பக்கம் போனால், அத்தை ஆட்டின் முன்னால் முட்டி போட்டு, "இன்னா வரஞ்சிருக்க, சொல்லு" என்று பழகிக்கொண்டிருந்தார். ஆடு தழையை மென்றபடி யோசித்தது. நான் ஒரே ஓட்டமாக ஓடி அம்மாவின் முந்தானைக்குள் புகுந்துகொண்டேன்.

அந்த வாரம் முடிவதற்குள் நர்சரி மிஸ் வந்தார். பாயில் சம்மணம் போட்டு எங்களோடு உட்கார்ந்தார். எல்லோருக்கும் காகிதமும் கிரேயானும் கொடுத்து வரையச் சொன்ன அத்தை, ஒவ்வொருவர் முன்னாலும் முட்டி போட்டு அதே மெல்லிய குரலில் கேட்டுக்கொண்டே வந்தார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அத்தையின் ஜாக்கெட் முதுகெல்லாம் நனைந்துவிட்டது. வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. எழுந்து நின்று, அத்தையின் பழைய குரலை அப்படியே எடுத்துவிட்டேன்.

"டேய்! வாயில இன்னா கொழுக்கட்டையா கீது? டீச்சர் கேக்குறாங்க இல்ல, சொல்லுங்கடா!"

அவ்வளவுதான், அறைக்கு உயிர் வந்துவிட்டது. இது எங்கப்பாவோட படகு, இது நண்டு, இது எங்க வூட்டுப் பல்லி என்று எல்லோரும் ஒரே சமயத்தில் கத்தினார்கள். அன்றைக்கு அழுத பொடியனை நிறுத்தவே முடியவில்லை. மிஸ் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "உங்க குரல் இருக்கட்டும் டீச்சர். முட்டி போட்டுக் கேட்டுட்டுக் காத்திருக்கீங்களே, அதை மட்டும் விட்டுடாதீங்க" என்றார்.

பால்வாடி தப்பித்தது. அன்று சாயங்காலம் அத்தை கயிற்றை அறுத்தெறிந்துவிட்டு மாமாவைத் திட்டிய திட்டில் தெருவே நிம்மதிப் பெருமூச்சு விட்டது. மாமா இன்னொரு தட்டுச் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

சாமான்கள் வந்து இறங்கிய நாளில், எங்கள் படங்களையெல்லாம் எங்கள் உயரத்துக்கே சுவரில் ஒட்டினார்கள். கடைசியில் ஒரு படம் அத்தையுடையது. அந்த நர்சரியில் டீச்சர்களையும் குட்டி நாற்காலியில் உட்காரவைத்து வரையச் சொன்னார்களாம். ஒரு கட்டடம், அதற்கு ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே இடுப்பில் குழந்தையோடு ஒரு சின்னப் பெண். பல்லியை விடக் கோணலாக இருந்தது.

"இன்னா வரஞ்சிருக்க, சொல்லு" என்றேன், அவரைப் போலவே.

அத்தை என் பக்கத்தில் முட்டி போட்டார். வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் புது மூன்று சக்கர சைக்கிளிலிருந்து யாரோ இறங்கிவிட, நான் ஓடிவிட்டேன்.

சின்ன வயசில், பெரியவர்கள் நடவுக்குப் போன நாட்களில் அத்தை தன் தம்பியைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட ஜன்னலுக்கு வெளியே நின்றே பாடம் கேட்டார் என்று அப்பா ரொம்ப காலம் கழித்துச் சொன்னார். அந்தப் படத்தில் இடுப்பில் இருந்த குழந்தை அப்பாதான். அன்றைக்கு நான் கொஞ்ச நேரம் காத்திருந்தால் அதை அத்தையே எனக்குச் சொல்லியிருப்பார்.