கண்ணாடியில் இல்லாத வெளிச்சம்

"நிறுத்து" என்றாள் அம்மா.

மகள் நிறுத்தினாள். புதன்கிழமை மாலை ஏழு மணி. அம்மா சோபாவில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள், மகள் மடிக்கணினியோடு தரையில், பின்னால் அப்பா செய்தித்தாளோடு. டிவியில் புதிதாகத் தொடங்கியிருந்த ஓர் அனிமே தொடரின், ஜப்பானியக் கார்ட்டூனின், முதல் பகுதி. அப்பா, அம்மா, குழந்தை என்று ஒரு குடும்பம். மூன்று பேர் மூக்கிலும் கண்ணாடி.

"வீடு முழுக்கக் கண்ணாடி. நம்ம கடைக்கு வந்தா நல்லா இருக்கும்" என்றாள் அம்மா. "கொஞ்சம் பின்னாடி போ. அங்கதான். அந்தக் குழந்தையோட அம்மா கண்ணாடியப் பாரு."

"என்ன?"

"வெளிச்சம் இல்ல."

திரையில், சமையலறை ஜன்னலில் வெயில் அடித்தது. அந்த அப்பாவின் லென்ஸில் ஜன்னல் சின்னச் சதுரமாகத் தெரிந்தது. குழந்தையின் லென்ஸிலும் தெரிந்தது. கோப்பை கழுவிக்கொண்டிருந்த தாயின் லென்ஸ் மட்டும் வெறுமையாக இருந்தது.

"வரையிறவங்களுக்கு நேரம் பத்தியிருக்காதும்மா. விடு."

"மூணு எடத்துல பாத்துட்டேன். ஏன் இல்ல?"

"சோம்பேறித்தனம். விமர்சனத்துல அப்படியே போட்டுடறேன்."

அம்மா நோட்டில் ஏதோ குறித்தாள். மகள் தட்டச்சு செய்தாள்: 'தாயின் கண்ணாடியில் ஓர் இடத்தில்கூட வெளிச்சம் விழவில்லை. சுத்த சோம்பேறித்தனம். பத்துக்கு நான்கு.' பதிவை ஏற்றிவிட்டு நிமிர்ந்தபோது அவளுடைய கண்ணாடி வழக்கம்போல மூக்கில் வழுக்கியது.

"நோஸ் பேட் தேஞ்சு போச்சுடி. கழட்டிக் குடு, நாளைக்குக் கடைல மாத்திட்டு வரேன்."

"நாளைக்கு எனக்கு வேலை இருக்கு. கண்ணு தெரியாமயா தராசு பாக்கறது? சனிக்கிழமை பாத்துக்கலாம்."

"ஊரு தராசையெல்லாம் சரி பாக்கறாங்களாம் இஞ்சினியரம்மா. சொந்த மூக்குல ஒரு கண்ணாடி நிக்க மாட்டேங்குது" என்று அம்மா சிரித்தாள்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு, கண்ணாடிக் கடையின் பின்னறையில், லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தின் முன்னால் அம்மா சரிந்து விழுந்தாள். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அந்தப் பின்னறையில் அவள் இருபத்தாறு வருடம் உட்கார்ந்திருந்தாள். லென்ஸின் நடுப்புள்ளியைப் பேனாவால் குறிப்பாள், விளிம்பைத் தேய்ப்பாள், சட்டத்தில் பொருத்துவாள். பொருத்தியதை ட்யூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடிப்பாள். லென்ஸில் தெரியும் வெள்ளைக் கோடு வளைந்திருந்தால் சட்டம் எங்கோ இறுக்குகிறது என்று அர்த்தம். கழற்றி மறுபடி தேய்ப்பாள். யாரைப் பார்த்தாலும் முதலில் கண்ணாடி, பிறகுதான் முகம். கல்யாண ஆல்பத்தைப் புரட்டினாலும் "இவருக்கு இடது பக்கம் இறங்கியிருக்கு" என்பாள்.

மகள் கல்லூரி நாட்களில் அனிமே பார்த்தபோது அம்மா பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருப்பாள். "இவனுக்கு அந்தக் கம்பி காதுலயே படலயே, எப்படி நிக்குது?" என்று கேட்டாள் ஒருநாள். அப்படித்தான் ஆரம்பித்தது. 'கண்ணாடிக்காரி' என்ற பெயரில் மகள் இணையத்தில் ஒரு பக்கம் திறந்துகொடுத்தாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுத் தொடர்கள் வரும். முதல் பகுதியைப் பார்த்து அம்மா சொல்வாள், மகள் எழுதுவாள். இரண்டாம் பகுதியை அம்மா தொடுவதே இல்லை. "மாட்டுனதும் மூஞ்சி சொல்லிடும், இது நமக்கு ஆகுமா ஆகாதான்னு" என்பாள். முந்நூறு பேர் தவறாமல் படித்தார்கள். அம்மாவை யாரும் பார்த்ததில்லை. எல்லோருக்கும் அவள் அக்கா.

பதினோரு நாள் கழித்து, அந்த முந்நூறு பேருக்கும் விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று மகள் பக்கத்தைத் திறந்தாள். கடைசிப் பதிவுக்குக் கீழே நாற்பத்தொரு கருத்துகள்.

'அக்கா, ரெண்டாவது எபிசோட் பாத்தீங்களா? மாட்டிக்கிட்டீங்க!'

'சோம்பேறி யாருன்னு இப்ப சொல்லுங்க பாப்போம் 😂'

'அக்கா எங்க ஓடி ஒளிஞ்சுட்டாங்க?'

'அடடா, ஆளே இல்லையே.'

எல்லாவற்றுக்கும் முதலில், வியாழக்கிழமை விடிந்ததும், நத்தை என்ற பெயரில் ஒருவர் எழுதியிருந்தார்: 'அவசரப்படாதீங்க அக்கா. கதையில எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. அடுத்ததையும் பாருங்க.' அதற்குக் காலை ஏழு நாற்பதுக்கு அம்மாவின் பதில் இருந்தது. கடைக்குக் கிளம்பும் நேரம். 'அந்த வார்த்தை கொஞ்சம் அதிகம்தான். வெள்ளிக்கிழமை ரெண்டாவதைப் பார்த்துட்டு மாத்தி எழுதறேன்.'

மகள் டிவியைப் போட்டாள். தரையில் அதே இடத்தில் உட்கார்ந்தாள். சோபாவில் அம்மா உட்காரும் பக்கத்தில் பள்ளம் அப்படியே இருந்தது. அப்பா அங்கே உட்காருவதில்லை. ஜன்னலோரம் நாற்காலி போட்டுக்கொண்டு செய்தித்தாளை மடியில் வைத்திருந்தார்.

இரண்டாம் பகுதியில் அந்தத் தாய் மேஜையில் மூன்று தட்டு வைத்தாள். கணவன் வந்து இரண்டு தட்டு எடுத்து வைத்தான். மேஜையில் அப்போது இரண்டு தட்டுதான் இருந்தது. அவள் பேசினாள், யாரும் திரும்பவில்லை. திரைச்சீலையை இழுத்தாள், அது அசையவில்லை. அவள் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அவளுக்கு மட்டும் அது தெரியாது.

நிறுத்து.

மகளின் விரல் நிறுத்தியது. திரும்பிப் பார்த்தாள். சோபா காலியாக இருந்தது.

"யாராவது கூப்பிட்டாங்களாப்பா?"

"இல்லையே" என்றார் அப்பா.

மகள் எழுந்துபோய் அம்மாவின் நோட்டை எடுத்து வந்தாள். புதன்கிழமைப் பக்கம். 'கண்ணாடியில் வெளிச்சம் இல்லை?' 'கோப்பை கழுவுகிறாள், தண்ணிச் சத்தம் இல்லை?' 'குழந்தை ஏன் அவளைப் பார்க்கவே இல்லை?' ஏழு வரிகள். ஏழிலும் கேள்விக்குறி. குறை என்றோ பிழை என்றோ ஒரு வார்த்தை இல்லை. மதிப்பெண்ணும் இல்லை.

"அப்பா, அன்னைக்கு அம்மா சோம்பேறித்தனம்னு சொன்னாங்களா?"

அப்பா செய்தித்தாளை மடித்தார். "நீதானேம்மா சொன்ன. அவ எங்க அப்படிப் பேசுவா? சாப்பாட்டுல கல்லு கடிச்சாக்கூட, 'இது கல்லா?'ன்னுதான் கேப்பா."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல."

"கேட்டாளே. ஏன் இல்லன்னு உன்கிட்டதானே கேட்டா."

தராசைச் சோதிக்கும்போது ஒரு விதி உண்டு. முள் நின்ற பிறகுதான் எண்ணை எழுத வேண்டும். ஆடும்போது எழுதக்கூடாது. மகள் பத்து வருடமாகப் புதிதாக வருபவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் பை டிவிக்குப் பக்கத்தில் பிரிக்காமல் கிடந்தது. மகள் அதைப் பிரித்து அம்மாவின் கண்ணாடியை எடுத்து, ட்யூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடித்தாள். இரண்டு லென்ஸிலும் வெள்ளைக் கோடு நேராக இருந்தது. கொஞ்சம் சாய்த்தாள். கோடு நழுவி விளிம்புக்குப் போய் மறைந்தது. சட்டென்று மறுபடி நிமிர்த்தினாள். கோடு திரும்பி வந்தது.

பிறகு பழைய பதிவைத் திறந்து, கீழே எழுதினாள்.

'சோம்பேறித்தனம் என்ற வார்த்தையும் பத்துக்கு நான்கும் கண்ணாடிக்காரி சொன்னவை அல்ல. தட்டச்சு செய்த மகள் சேர்த்தவை. வெளிச்சம் ஏன் இல்லை என்றுதான் அம்மா கேட்டார். அவர் குறித்த ஏழு கேள்விகளைக் கீழே தருகிறேன். எல்லாமே சரியான இடங்கள். மாற்றி எழுதுவதாகச் சொன்ன வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் அவர் இறந்துவிட்டார். நத்தைக்கு, தாமதத்துக்கு மன்னிக்கவும்.'

ஏழு கேள்விகளையும் கேள்விக்குறியோடு அப்படியே ஏற்றினாள். நத்தையிடமிருந்து ஒரே ஒரு வார்த்தை வந்தது: 'அக்கா.'

கண்ணாடியைத் திரும்ப வைக்கப் போனபோது பையின் அடியில் அம்மாவின் கைப்பை தட்டுப்பட்டது. உள்ளே பேருந்துச் சீட்டு, சாவி, கடைப் பேனா. சின்னதாக மடித்த காகிதப் பொட்டலம் ஒன்று. மேலே அம்மாவின் கையெழுத்தில் 'இஞ்சினியர், சனி' என்று இருந்தது. உள்ளே புது நோஸ் பேட் ஒரு ஜோடி.

இரண்டு நிமிட வேலை. அந்தத் திருகுக்குச் சரியான ஸ்க்ரூடிரைவர் மகளின் வேலைப் பையிலேயே இருந்தது.

அவள் பொட்டலத்தை அதே மடிப்பில் மடித்து, கைப்பைக்குள் வைத்தாள். குனிந்தபோது கண்ணாடி மூக்கில் வழுக்கியது. விரலால் மேலே தள்ளிக்கொண்டாள்.