வினாயகமூர்த்தி வெட்டிய முதிரை

கதிரவெளிக்குத் தெற்கே, காடு வந்து குடிசைகளை முட்டி நிற்கும் ஒரு சிறு குறிச்சி. அங்கே பதினொரு முதிரை மரங்களில் அரசாங்க முத்திரை குத்தியிருந்தது. யாருடைய வளவுக்குள் நின்றாலும் அவை அரசாங்கத்தின் சொத்து. ஒரு கொப்பை முறித்தாலும் வழக்கு. அவற்றுக்குக் காவலாள் வினாயகமூர்த்தி.

ஐம்பதைத் தாண்டியவர். முழங்கால் நோவோடு பன்னிரண்டு வருடங்களாக அந்த மரங்களைச் சுற்றி வந்தார். ஊரில் எவரும் அவரைப் பகைக்கவில்லை. கலியாணங்களுக்குச் சொல்ல மட்டும் மறந்துபோனார்கள்.

சின்னத்தங்கத்தின் வளவில் நின்ற மரம்தான் அவருக்குத் தலையிடி. அடியில் கறையான் ஏறிக் குசினிப் பக்கமாய்ச் சரிந்திருந்தது. மாரிக்கு முன்னால் ஒவ்வொரு வருடமும் அவள் வாசல் கடப்படியில் நின்று அவரை மறிப்பாள்.

"அண்ணன், இது ஒருநாளைக்கு எங்கட தலையிலதான் விழும். வெட்ட உத்தரவு எடுத்துத் தாங்க."

"எழுதிப் போட்டிருக்கன் புள்ள. காட்டிலாகாத் துரை வந்து பாக்கணுமாம்."

மூன்று தரம் எழுதினார். இரண்டு தரம் பனிச்சங்கேணி ஆற்றைத் தோணியில் கடந்து, நடந்தே காட்டிலாகாக் கந்தோருக்குப் போனார். துரை காட்டுக்குப் போயிருக்கிறார் என்றார்கள்.

1937ஆம் ஆண்டு கார்த்திகை. நான்கு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் காலை, சின்னத்தங்கம் அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கையில் பெரிய கொப்பு குசினியின் மேல் விழுந்தது. இடது கை நசுங்கிவிட்டது. பிளந்த மீதி மரம் வீட்டுக் கூரைக்கு மேலே தொங்கி நின்றது.

வினாயகமூர்த்தி நனைந்தபடியே கந்தோருக்குப் போனார். எழுதுவினைஞர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"விழுந்ததும் அரசாங்கத்திட மரந்தான். துரை பாக்கிற வரைக்கும் கை வைக்கப்படாது."

"வீட்டுக்குள்ள ஆக்கள் இருக்காங்க ஐயா."

"அவங்கள வேற இடத்துக்குப் போகச் சொல்லு."

போன மூன்றாம் நாள் ஊருக்குத் திரும்பியவர் தன் வீட்டுக்குப் போகவில்லை. கோடரியை இரவல் வாங்கிக்கொண்டு நேரே அந்த வளவுக்குப் போனார். முதிரை லேசில் விடாத மரம். கொப்புக் கொப்பாகத் தறித்து, அடியோடு சாய்க்க இரண்டு நாள் பிடித்தது. உதவிக்கு ஒருவரும் வரவில்லை. வழக்கு என்றால் எல்லாருக்கும் பயம். பிறகு தானே ஒரு கடதாசியில், இன்ன மரத்தை இன்ன திகதியில் நான் வெட்டினேன் என்று எழுதி அனுப்பினார்.

இப்போது துரை ஒரு கிழமைக்குள் வந்துவிட்டார்.

"உத்தரவு இல்லாம வெட்டினியா?"

"ஓம் ஐயா."

காவலாளுக்குரிய பித்தளை வில்லையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். மரம் எட்டு மாதம் அங்கேயே கிடந்து, பிறகு வண்டியில் போனது. விறகுக்கு ஒரு சிராய்கூட எவரும் எடுக்கவில்லை.

அடுத்த வருடம் அறுவடைக்கு ஆள் சேர்த்தபோது அவர் மண்டூர்ப் பக்கம் ஒரு வயல் வட்டைக்குக் கூலிக்குப் புறப்பட்டார். வழியில், தோணித்துறையடியில் சின்னத்தங்கம் நிற்பதைக் கண்டார். அவள் கை முழங்கையோடு மடங்கியே நின்றுவிட்டது.

"உங்கட வேலையும் போயித்து அண்ணன்," என்றாள். பிறகு, "வெட்டுறதெண்டு இருந்தா, விழ முந்தி வெட்டியிருக்கலாம்."

அதில் கோபம் இல்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"ஓம் புள்ள," என்றார். "வெட்டியிருக்கலாம்."

தோணி காத்திருந்தது. முழங்காலைப் பிடித்தபடி மெல்ல இறங்கி, மற்றக் கூலியாட்களோடு ஒடுங்கி உட்கார்ந்தார்.