கறுக்காத புட்டி

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். போடியில், ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பு ஏறும் பெண்களுக்குக் காலையில் இட்லி விற்கிறேன்.

போன மாதம் அவர்களில் நாலு பேருக்கு வயிற்றுப்போக்கு. நர்சம்மா வந்து சின்னப் புட்டி ஒன்றைக் கொடுத்து, "நீங்க பொழங்குற தண்ணிய ஊத்தி ஒரு நாள் வைங்க ஆத்தா. கிருமி இருந்தா கறுத்துப்போகும்" என்றார். சோதனைக்குப் போகிற தண்ணீர் ஆயிற்றே என்று நன்றாகக் கொதிக்கவைத்து, ஆற்றி ஊற்றினேன். கறுக்கவில்லை. ஜீப்புக்கு வந்தவர்களிடமெல்லாம் புட்டியைக் காட்டிப் பெருமை பேசினேன்.

மறுவாரம் இன்னும் இரண்டு பேர் படுத்துவிட்டார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நர்சம்மா கேட்டார்: "சட்னிக்கும் காய்ச்சுன தண்ணிதானா?"

"அதுக்கு எதுக்குக் காய்ச்சணும்? தொட்டித் தண்ணிதான்."

"அப்ப என் புட்டிக்கு மட்டும் விருந்து வச்சிருக்கீக" என்று சிரித்தபடி, தொட்டித் தண்ணீரை வேறொரு புட்டியில் பிடித்தார். மறுநாள் அது மையாகக் கறுத்திருந்தது.

அவ்வளவு தெளிந்த தண்ணீருக்குள் அந்தக் கிருமி எங்கே இருந்தது என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. ஆனாலும் தொட்டியைத் தேய்த்துக் கழுவிவிட்டேன். சட்னியைக் காய்ச்சி ஆறிய தண்ணீரில்தான் அரைக்கிறேன்.

நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். அவளிடம் கேட்கிறேன்: "எனக்கு வெக்கமா இருக்குமேன்னு, புட்டிக்கு நான் காய்ச்சி ஊத்துனத எழுதாம விட்டுட்டியா தாயி? அந்த எடத்த வாசி, கேப்போம்."