கேட்காமல் அழித்த ஆப்

ராகு காலம் பார்க்காமல் நான் மோட்டார் சைக்கிளைக் கிளப்புவதில்லை. அந்த ஞாயிறு, மலேசியாவின் கூலிம் நகரத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடிந்து போனைத் திறந்தால், ராகு கால ஆப்பைக் காணோம். அது நம் தகவலைத் திருடியதாம். ஆப் ஸ்டோரே என் போனிலிருந்து நீக்கிவிட்டு, அறிவிப்பும் அனுப்பியிருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று தொழிற்சாலை வாசலிலேயே ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுக் கிளம்பினேன்.

வீட்டில் அம்மாவிடம் கத்தினேன். "திருட்டு ஆப்பாவே இருக்கட்டும்மா. என் போன்ல கைய வைக்க இவங்க யாரு? ஒரு வார்த்தை கேக்க வேணாமா?"

ஒவ்வொரு ஞாயிறும் அம்மாவின் போனை வாங்கி, அவர் இறக்கி வைத்திருக்கும் கண்ட கண்ட ஆப்களையும் அழிப்பது நான்தான். அவர் நல்லதுக்குத்தான், கேட்டதில்லை.

"அவங்களாச்சும் அழிச்சத சொன்னாங்க லா" என்றபடி அம்மா தன் போனை என்னிடம் நீட்டினார்.