கோடும் இரண்டு புள்ளியும்

அட்டன் கடைவீதியில் பழைய புத்தகம் விற்பவர், எனக்குப் பிடித்த எழுத்தாளரின் முன்பிரதி ஒன்றை நீட்டினார். வெளியீட்டுக்கு முன்பே நண்பர்களுக்குக் கொடுத்ததாம். கையெழுத்தும் இருந்தது. ஆனால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. “பெயருக்கடியில் கோடும் இரண்டு புள்ளியும் இல்லையே?” என்றேன்.

“அவரு கோடெல்லாம் போட மாட்டாருங்க. என் கண்ணு முன்னாலதான் கையெழுத்துப் போட்டாரு” என்றார் கடைக்காரர்.

புத்தகத்தைப் பிரித்ததும் பசை வாசனை மூக்கில் ஏறியது. வட்டகொடைத் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்துக் காம்பரா நினைவுக்கு வந்தது. நான் பள்ளியில் படித்தபோது அந்த எழுத்தாளர் ஒரு கூட்டத்துக்காக அட்டனுக்கு வந்தார்; அன்று எனக்குக் காய்ச்சல். எனக்குப் பதிலாக அப்பா போய், நனைந்த கம்பளிக்குள் பொத்தி அவருடைய புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார். முதல் பக்கத்தில் கையெழுத்து.

அம்மா அடுப்பை ஊதியபடி கேட்டாள்: “வேல முடிஞ்சுதானே போனீங்க? கூட்டம் அதுக்குள்ள முடிஞ்சிருக்குமே?”

“எனக்காக நின்னு போட்டுக் குடுத்தாருடி” என்ற அப்பா, வெகுநேரம் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அந்தக் கையெழுத்தோடு ஒப்பிட்டுத்தான் இத்தனை வருடமும் புத்தகம் சேர்த்தேன். கோடும் புள்ளியும் இல்லாததையெல்லாம் போலி என்று திருப்பிக் கொடுத்தேன்.

இப்போதுதான் என் பள்ளித் தேர்ச்சி அறிக்கைகள் ஞாபகம் வந்தன. அவற்றில் பெற்றோர் கையெழுத்துக்கான இடத்தில் அப்பா தன் பெயரை எழுதுவார். அடியில் கோடு இழுத்து, இரண்டு புள்ளி குத்துவார். “இனி எவனும் என் கையெழுத்தப் போட முடியாது” என்பார்.

“இன்னும் சந்தேகமாங்க?” என்றார் கடைக்காரர்.

“இல்லங்க, உங்களுது அசல்தான். போலி வீட்டுல இருக்கு. அத மட்டும் யாருக்கும் குடுக்க மாட்டேன்.”