கட்டில் விளிம்புக்கு ஒரு சட்டை

இன்று சிங்காரத்தோப்பில் ஒரு கடையில், குழந்தைக் கட்டிலின் விளிம்பைச் சுற்றிக் கட்டும் மெத்தென்ற துணி உறையைப் பார்த்தேன். என்னையறியாமல் சத்தமாகவே சொல்லிவிட்டேன்: "இதை நான் எண்பத்திமூணுலயே தைச்சுட்டேங்க!"

கடைப் பெண் சிரித்தாள். "நெஜமாவாம்மா?"

நிஜம்தான். அப்போது கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் இருந்தோம். மகளுக்கு எட்டு மாதம். ஒருநாள் காலை மரக்கட்டிலின் விளிம்பைப் பிடித்து நின்றவளின் வாயெல்லாம் பச்சை! புதிதாக முளைத்த இரண்டு பல்லால் பெயிண்டைச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தாள். விரலைவிட்டுத் துழாவி எல்லாவற்றையும் எடுத்தேன்.

அதுவரை நான் ஒரு பட்டன்கூடத் தைத்ததில்லை. ஆனாலும் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்காவின் தையல் மெஷின் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டேன்.

"மெதுவா மிதிம்மா, மெஷின் எங்கயும் ஓடிடாது" என்றார் அக்கா.

பழைய போர்வையை நான்காக மடித்து, அதன்மேல் என் காட்டன் புடவைத் துண்டை வைத்துத் தைத்து, கட்டுவதற்கு நாடாவும் வைத்தேன். தையல் ஒரே கோணல். ஆனால் கட்டிலில் கச்சிதமாக உட்கார்ந்தது! நானும் அக்காவும் கைதட்டினோம்.

மகள் ஒரு கடி கடித்தாள். துணிதான் நனைந்தது, பெயிண்ட் வரவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

சாயங்காலம் வேலைவிட்டு வந்த என் கணவர், "கட்டிலுக்கே சட்டை போட்டுட்டியா!" என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

மறுநாள் அவள் கட்டிலை விட்டுவிட்டு நாற்காலிக் காலைக் கடிக்க ஆரம்பித்தாள்.

உங்கள் வீட்டில் எதெல்லாம் தப்பித்தது? சொல்லுங்கள்.