பாஸான கிணறு

எங்கள் ஊரிலேயே முதன்முதலில் பரீட்சையில் பாஸானது எங்கள் கிணறுதான். எனக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. நான் வகுப்பில் இருந்த நேரத்தைவிடப் பள்ளிக்கூடத்துப் புளியமரத்தில் இருந்த நேரம் அதிகம். கிணறு அப்படியில்லை, ஒரே தடவையில் பாஸ். அதற்குப் பரீட்சை எழுதிக் கொடுத்தவர் என் சித்தப்பா.

கல்வராயன் மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் எங்கள் ஊர். மலைக்காரர்களுக்குச் சுனை இருந்தது. எங்களுக்குக் கிணறு இருந்தது. படி இறங்கிப் போய் மொள்ளுகிற பெரிய கிணறு. மேலே மாடு கழுவின தண்ணீர் சுற்றி வந்து அதிலேதான் இறங்கும். வயலில் இருந்து வருகிறவர்கள் படியில் உட்கார்ந்து கால் கழுவுவார்கள். அவர்கள் எழுந்ததும் அதே இடத்தில் நாங்கள் குடத்தை முக்குவோம். அம்மா வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்டுவாள். துணியில் நெளிவதையெல்லாம் நான் குனிந்து வேடிக்கை பார்ப்பேன். கோடை வந்தால் பிள்ளைகளுக்குக் கழிச்சல் பிடிக்கும். என் தம்பி கோடையில் பாதியாகிவிடுவான், மழைக்காலத்தில் மறுபடியும் முழுசாவான்.

பெரியவர்கள் இதற்கெல்லாம் பழகிவிட்டார்கள். பழகாதவர்கள் வெளியூர்க்காரர்கள். அதில்தான் சித்தப்பாவின் கல்யாணம் சிக்கிக்கொண்டது. பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வருவார்கள். பாயில் உட்கார்ந்ததும் செம்பில் தண்ணீர் கொடுப்போம். பெண்ணின் அம்மா ஒரு வாய் குடிப்பாள். செம்பைக் கீழே வைப்பாள். அதற்குப் பிறகு எங்கள் நிலத்தைப் பற்றியும் கேட்கமாட்டாள், மாட்டைப் பற்றியும் கேட்கமாட்டாள். இந்தத் தண்ணீரைச் சுமக்கத் தன் பெண்ணை யார் கொடுப்பார்கள்? இப்படி இரண்டு சம்பந்தம் செம்போடு முடிந்துபோயிற்று. தலையில் நரை எட்டிப் பார்க்க ஆரம்பித்த பிறகு சித்தப்பா முகம் பார்க்கிற கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் ஆபீசர் ஒருவர் வந்து ஊரைக் கூட்டிச் சொன்னார்.

"கெணத்துத் தண்ணிய பாட்டில்ல புடிச்சி டெஸ்ட்டுக்கு அனுப்புவோம். கெட்டதுன்னு வந்தா கவர்மெண்டு அடிபம்பு போட்டுக் குடுக்கும். நல்லதுன்னு வந்தா கெடையாது."

ஊரே சந்தோஷப்பட்டது. சுற்றுவட்டாரத்தில் எங்கள் கிணறு அளவுக்கு மோசமான கிணறு இல்லை என்பதில் எல்லோருக்கும் நம்பிக்கை. பம்பு எந்தத் தெருவில் நடுவது என்று மேலத் தெருவும் கீழத் தெருவும் அன்றைக்கே சண்டை போட்டுவிட்டன.

சித்தப்பா மட்டும் சந்தோஷப்படவில்லை. மூன்றாவதாக எலவனாசூர்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. பெண்ணின் அப்பா அரசாங்கத்தை நம்புகிறவர். கள்ளக்குறிச்சிச் சந்தையில் அப்பாவைப் பார்த்தபோது சொல்லிவிட்டார்: "உங்க ஊரு தண்ணிய கவர்மெண்டு பாக்குதாமே. பாக்கட்டுங்க. நல்லதுன்னு சொல்லட்டும். அப்பால தட்டு மாத்திக்கலாம்."

மறுநாள் விடிந்ததும் சித்தப்பா நெல்லிக்காய் பறித்துத் தருவதாகச் சொல்லி என்னை மலைக்குக் கூட்டிப்போனார். தோளில் ஒரு பெரிய பானை. என் இடுப்பில் ஒரு சின்னக் குடம். நெல்லிக்காய்க்கு எதற்குப் பானை என்று எனக்குத் தோன்றவில்லை. சாமை வயல்களைத் தாண்டிப் போனால் பாறை இடுக்கில் சுனை. அடியில் கிடக்கிற ஒவ்வொரு கல்லும் தெரிகிற தண்ணீர். அங்கே மொண்டுகொண்டிருந்த மலைக்கார அக்கா எங்களை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கீய கெணறு வத்திப்போச்சா?"

"இல்லக்கா, சாமிக்கு."

"சாமிக்குன்னா செருப்ப கயட்டி வெச்சிட்டு மொள்ளு."

சித்தப்பா பயபக்தியோடு செருப்பைக் கழற்றினார். திரும்பும் வழியில் நான் கேட்டேன், எந்தச் சாமிக்கு என்று.

"பொட்டி எடுத்துக்கினு சைக்கிள்ல வர்ற சாமிக்கு. வாய மூடிக்கினு நட."

வாயை மூடிக்கொண்டுதான் நடந்தேன். ஆனால் அம்மாவுக்கு யாரும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. பானையைப் பார்த்தாள், கொழுந்தனாரைப் பார்த்தாள், முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஏன் கொழுந்தனாரே, ஒரு பொம்பளைய இட்டாறதுக்கு ஊருப் பொம்பளைங்க அத்தினி பேரையும் காலம் பூரா இந்தப் பாசிப் படியில நிறுத்தப் போறீங்களா? இந்தப் புள்ள வயித்தப் பாருங்க. பம்பு வந்தா இது பொயச்சிக்கும்."

சித்தப்பா தரையைப் பார்த்தபடி சொன்னார். "பம்பு இன்னிக்கி வர்லன்னா நாளைக்கி வரும் அண்ணி. பொண்ணு வருமா?"

அம்மா தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை. அது ஏன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஆபீசர் சொல்லியிருந்தபடி அன்றைக்கே நல்ல வெயிலில் வந்து சேர்ந்தார். தொப்பை உள்ள மனிதர். கிணற்றின் மேல்படியில் நின்று கீழே எட்டிப் பார்த்தார். படியெல்லாம் பாசி.

"எறங்கினா ஏற முடியாது போலக்கீதே," என்றார்.

"நீங்க இன்னாத்துக்கு சார் எறங்கிக்கினு. நான் இல்லியா? பாட்டில குடுங்க."

படி திரும்புகிற இடத்தில், மேலே நிற்பவருக்குத் தெரியாத மூலையில், பானை காத்திருந்தது. எனக்கு அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற வேலை. தவளை உள்ளே குதிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சித்தப்பா இறங்கி வந்தார். மேலே சத்தம் கேட்கட்டும் என்று ஒரு கையால் கிணற்றுத் தண்ணீரைச் சளசளவென்று கலக்கினார். மறு கையால் பாட்டிலைப் பானைக்குள் அமுக்கினார். அவ்வளவு சாமர்த்தியமாக அவர் வாழ்நாளில் வேறு எந்த வேலையும் செய்து நான் பார்த்ததில்லை.

ஆபீசர் பாட்டிலை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னாய்யா, இவ்ளோ தெளிவா கீது?"

"கெணறு ஆயம் ஜாஸ்தி சார்."

"அப்ப எனக்கும் ஒரு சொம்பு மொண்டு குடு. நாக்கு ஒட்டிக்கினு கீது."

சித்தப்பா மறுபடியும் இறங்கி, மறுபடியும் கலக்கி, பானையிலிருந்து மொண்டுபோய்க் கொடுத்தார். ஆபீசர் அண்ணாந்து குடித்துவிட்டு, "கல்கண்டாட்டம் கீதுய்யா. உங்களுக்கு இன்னாத்துக்கு பம்பு?" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அன்றைக்கு அந்தக் கிணற்றடியில் பொய் சொல்லாதவர் அவர் ஒருவர்தான்.

கொஞ்ச நாளில் எங்கள் கிணறு பாஸ் என்று செய்தி வந்தது. ஊர் ஆண்கள் வாயைப் பிளந்தார்கள். மேலத் தெருக்காரர் ஒருவர், இத்தனை நாளும் அந்தத் தண்ணீரைக் குறை சொன்னதற்காகக் கிணற்றுக்குக் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டார். எலவனாசூர்கோட்டையிலிருந்து பெண்ணின் அப்பா வந்தார். அம்மா அவருக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை, மோர் கொடுத்தாள். தட்டு மாற்றினார்கள்.

பக்கத்து ஊர்க் கிணறு ஃபெயிலாகிவிட்டது. பம்பு அங்கே போயிற்று. கல்யாணத்துக்கு முந்தின கோடையில் எங்கள் ஊர்ப் பெண்கள் குடத்தோடு அங்கே போய் வரிசையில் நின்றார்கள். அந்த ஊர்க்காரிகள் சும்மா விடுவார்களா?

"பாஸான ஊருக்காரங்க ஃபெயிலான ஊருல வந்து இன்னாத்துக்கு நிக்கறீங்க? உங்க கல்கண்டுத் தண்ணி வூட்டுல தீந்துபூட்டுதா?"

எல்லோரும் குடத்தை நிரப்பிக்கொண்ட பிறகுதான் எங்களுக்குக் கைப்பிடி கிடைக்கும். அம்மா அடிக்கிற அடியில் பம்பு கிறீச்சிடும். சித்தப்பாவைத்தான் அடிக்கிறாள் என்று இப்போது தோன்றுகிறது.

இன்றைக்கு எங்கள் ஊரிலும் தொட்டி கட்டிக் குழாய் போட்டிருக்கிறார்கள். அதிலும் சில நாள் செம்மண் கரைத்த மாதிரி வருகிறது. கேன் தண்ணீர் வண்டி மணி அடித்துக்கொண்டு தெருவில் போகிறது. போன மாதம் ஒரு பெண் சின்னப் பெட்டியோடு தண்ணீர் சோதிக்க வந்தாள். சித்தப்பா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. சித்தி முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்துபோய், மிகவும் மோசமாக வருகிற குழாயைத் தானே காட்டினாள்.

"இதுல புடிம்மா. அடில இருந்து நல்லா கலங்கலா புடி."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் எனக்குக் கல்யாண நாள் நினைவு வந்தது.

எங்கள் வாசலில்தான் பந்தல். பெண் வீட்டாருக்கு என்று சித்தப்பா மறுபடியும் மலை ஏறி இரண்டு பானை சுனைத் தண்ணீர் கொண்டுவந்து மூடி வைத்திருந்தார். சமையல்காரருக்கு அது தெரியாது. எடுத்து ரசம் வைத்துவிட்டார். அந்த ரசத்தைப் பற்றி ஊரில் வெகுநாள் பேசினார்கள்.

பஸ்ஸும் மாட்டுவண்டியுமாக வந்து இறங்கிய சித்தி வீட்டுக்குள் கால் வைத்ததும் தண்ணீர் கேட்டாள். அம்மா பானைகளைப் பார்த்தாள். காலி. வேறு வழியில்லாமல் கிணற்றுத் தண்ணீரையே செம்பில் மொண்டு கொடுத்தாள்.

சித்தி ஒரு வாய் குடித்தாள். விழுங்கவில்லை, துப்பவுமில்லை. வாயில் தண்ணீரை வைத்தபடியே நிமிர்ந்து சித்தப்பாவைப் பார்த்தாள். சித்தப்பாவின் கண் கூரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தது. சித்தி அடுத்து அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் இடுப்பில் இருந்த என் தம்பியின் ஒட்டிய வயிற்றைப் பார்த்தாள். வெளியே மேளம் அடித்துக்கொண்டிருந்தது.

பின்னாலேயே வந்த அவள் அம்மா தோளைத் தொட்டுக் கேட்டாள். "தண்ணி எப்பிடிடி கீது?"

சித்தி விழுங்கினாள்.

"நல்லாத்தாம்மா கீது."

அம்மா சட்டென்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வியர்வை என்று நினைத்தேன். கிணறு இரண்டாம் தடவையும் பாஸாகிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்ல நான் தெருவுக்கு ஓடினேன்.